துண்டு, சஞ்சி, குத்திகெ: அயலிடத்தில் வேலை பெற்றோரின் ஆவணச் சொற்கள்

1. முன்னுரை

வேலை தேடி அயல்நாட்டுக்குச் செல்பவருக்கும் அங்கு அவருக்குக் கிடைக்கும் வேலைக்கும் இடையே பெரும்பாலும் ஓர் ஆளும் ஒரு தாளும் நிற்கின்றன. அந்த ஆள் அவரை அழைத்துச் செல்கிறார். அந்தத் தாள் அவரை ஓரிடத்தில் நிறுத்துகிறது, அல்லது ஓரிடத்திலிருந்து விடுவிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி இலங்கை, மலாயா, மொரீசியசு, நேட்டால் முதலிய நாடுகளுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரிடையே இவ்விரண்டிற்கும் பல பெயர்கள் வழங்கின. அவற்றுள் சில பழந்தமிழ்ச் சொற்கள், சில கடன்சொற்கள், சில தமிழிலிருந்து ஆங்கில அரசாவணங்களுக்குச் சென்றவை. இக்கட்டுரை அச்சொற்களுள் முதன்மையான சிலவற்றின் வரலாற்றை ஆராய்கிறது. இலங்கையிலும் மலாயாவிலும் தொடங்கி, மைசூர் நாட்டின் வழியாக, இன்று பெங்களூர் நகர மாவட்டம் ஆனேக்கல் வட்டத்திலுள்ள சந்தாபுரா வரை இவ்வாய்வு அமைகிறது. சந்தாபுரா அயல்நாடு அன்று. எனினும் மொழியெல்லையைக் கடந்து வேலை தேடுவோர்க்கு அங்கும் அதே ஆளும் அதே தாளும் வேறு பெயர்களில் எதிர்ப்படுவதால் அவ்வூர் ஒப்பீட்டிற்கு உரியதாகிறது.

ஒவ்வோர் ஆவணச் சொல்லையும் குறித்து மூன்று வினாக்கள் ஈண்டு எழுப்பப்படுகின்றன. இத்தாளைக் கொடுப்பவர் யார்? பெறுபவர் யார்? இது யாரைப் பற்றியது? வேலை செய்பவர் அத்தாளில் ஒரு தரப்பினரா, அல்லது பிறர் இருவர் செய்துகொள்ளும் ஏற்பாட்டின் பொருளா என்பது இவ்வினாக்களுக்கான விடையால் தெளிவுறும். தொழிலாளர் வரலாற்றையும் தொழிற்சட்டங்களையும் மொழிபெயர்ப்போர் நிகர்ச்சொல் தேடும்போது இவ்வேறுபாடே மிகுதியும் விடுபட்டுப் போகிறது.

2. கண்காணியும் கங்காணியும்

இலங்கையில் 1830களில் காப்பிப் பயிர் பரவத் தொடங்கியபோது திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். காப்பி பருவப்பயிராதலின் அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்து, 1880களில் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். எனவே குடும்பத்தோடு சென்று தங்கும் குடியேற்றம் பெருகிற்று. இரு காலத்திலும் அழைத்துச் சென்றவர் கங்காணியே.

கண்ணால் காண்பவர், மேற்பார்ப்பவர் என்னும் பொருளுடைய 'கண்காணி' சோழர்காலக் கல்வெட்டுகளிலேயே நிருவாக மேற்பார்வையாளரைக் குறிக்க வந்துள்ளது. 'ண்க' என்னும் மெய்ம்மயக்கத்தில் முதல் ஒலி இன ஒலியாக ஓரினமாதலால் 'கங்காணி' என்னும் வடிவம் தோன்றியது. வடிவ மாற்றத்தினும் பொருள் மாற்றமே பெரிதாகும். கண்காணி பிறரால் அமர்த்தப்பட்ட வேலையாள்களைப் பார்த்துக்கொள்பவர். தோட்டக் கங்காணியோ தாமே ஊரில் ஆள் சேர்த்து, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து, அக்கடனைத் தம் கணக்கில் வைத்து, தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கியவர். மேற்பார்ப்பவர், ஆள் சேர்ப்பவர், கடன் கொடுத்தவர் என்னும் மூன்று நிலைகளும் ஒரு சொல்லில் ஒன்றாயின. பெரிய கங்காணியின் கீழ்ச் சிறு குழுக்களை நடத்தியவர் 'சில்லறைக் கங்காணி' எனப்பட்டார். 'சில்லறை' என்னும் அடையும் அரசறிக்கைகளின் ஆங்கிலத்தில் அப்படியே இடம்பெற்றுள்ளது.

ஆங்கிலேயர் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் கடன் வாங்கியதற்குக் காரணம் உண்டு. மேற்பார்வையாளர், முகவர், கடன்காரர் ஆகியவற்றிற்கு ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் இருந்தன. மூன்றையும் சேர்த்துக் குறிக்கும் சொல் இல்லை. அதே சொல்லை இன்று தமிழுக்கு மீட்கும்போது 'மேற்பார்வையாளர்' என எழுதினால் மூன்றில் ஒன்று மட்டுமே எஞ்சும்.

3. துண்டு

கங்காணி முறையின் உயிர்நாடியாக விளங்கிய ஆவணம் 'துண்டு' ஆகும். துண்டிக்கப்பட்ட பகுதி என்னும் பொதுப்பொருளில் இருந்து, 'துண்டுச் சீட்டு' என்னும் தொகையில் பின்சொல் மறைந்து, தாளைக் குறிக்கும் தனிச்சொல்லாக இது நின்றது. தோட்டத்தின் பொறுப்பாளராகிய துரை, கங்காணிக்கு இதனை எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் அவரது ஆள்களையும் விடுவிக்க இசைகிறோம் என்பதே அதன் பொருள். அத்தொகை கங்காணியும் ஆள்களும் தோட்டத்திற்குத் தரவேண்டிய கடனாகும். கங்காணி துண்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களுக்குச் செல்வார். ஆள் பற்றாக்குறையுள்ள தோட்டத்தின் துரை அத்தொகையைச் செலுத்திக் குழுவைப் பெற்றுக்கொள்வார். அப்போது மேலும் முன்பணம் கைமாறும். இவ்வாறு ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் வளர்ந்தது. அடுத்த துண்டில் எழுதப்படும் தொகையும் வளர்ந்தது.

மூன்று வினாக்களையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். கொடுப்பவர் துரை. பெறுபவர் கங்காணி, அவர் வழியாக இன்னொரு துரை. ஆனால் தாள் யாரைப் பற்றியது? குழுவிலுள்ள ஆண், பெண் தொழிலாளர் அனைவரையும் பற்றியது. அவர்களுள் எவரும் இத்தாளைக் கேட்டுப் பெறுபவரும் அல்லர், கொடுப்பவரும் அல்லர். வேலை மாறும் தொழிலாளி வேலை தேடவில்லை. அவரது கடன் புதிய உரிமையாளரைத் தேடிற்று எனலாம்.

மொழிபெயர்ப்பில் நேரும் பிழை இவ்விடத்தில்தான். 'துண்டு' என்பதை 'விடுவிப்புச் சான்றிதழ்' எனப் பெயர்த்தால், வேலையை முடித்துச் செல்லும் ஒருவருக்கு அவரது முந்தைய முதலாளி தரும் சான்று என்றே படிப்பவர் கொள்வர். துண்டு சான்றன்று, விலை குறித்த அறிவிப்பு. மலையகத் தமிழில் வேலையிலிருந்து நீக்கப்படும் தொழிலாளிக்குத் தரப்பட்ட 'பற்றுச்சீட்டு' வேறோர் ஆவணம் என்பதும் கருதத்தக்கது. இலங்கையின் பொதுத்தமிழில் பணம் பெற்றுக்கொண்டதற்கான சீட்டைக் குறிக்கும் இச்சொல், தோட்ட வழக்கில் வேலை இழப்பைக் குறித்தது. இரண்டு சூழல்களையும் அறியாதவர் மலையகக் கதைகளில் இச்சொல்லைக் காணும்போது தொழிலாளி பணம் பெற்றார் எனத் தவறாக எண்ணக்கூடும்.

துண்டின் வலிமைக்குச் சட்டம் பின்புலமாக இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டம் வேலை உடன்பாட்டை மீறுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளியைத் தோட்டப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்னும் அடிப்படையிலேயே வரையறுத்தது. மலையக வழக்கில் வேலை பெறுதல் 'பேர் பதிதல்' எனப்படுவதை இத்துடன் சேர்த்து நோக்க வேண்டும். வேலை கிடைப்பதும் பெயர் எழுதப்படுவதும் அங்கு ஒரே நிகழ்ச்சியாயின. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடம் ஆங்கிலப் படைவழக்கிலிருந்து வந்த சொல்லால் 'பிரட்டுக் களம்' எனப்பட்டதும் இக்கருத்தை வலியுறுத்துகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊரிலேயே சேர்க்கப்பட்ட ஆள் எந்தத் தோட்டத்திற்கு உரியவர் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகட்டை அணிவிக்கும் முறையும் வந்தது. தாளில் இருந்த பதிவு உடலுக்கு வந்தது.

துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் எண் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முறை ஒழிந்தபின்னும் சொல் வரலாற்று நூல்களில் வாழ்கிறது. அதனைப் பொதுச்சொல்லாக மாற்றாமல் 'துண்டு' என்றே வைத்து, முதல் இடத்தில் விளக்கம் தருவது பொருத்தமாகும்.

4. சஞ்சியும் கிர்மிட்டும்

மலாயாவில் கங்காணி முறைக்கு முன்னரே வேறொரு முறை நிலவியது. முதலாளியோடு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உடன்பாடு செய்துகொண்டு செல்லும் இம்முறையில் சென்றவர் 'சஞ்சிக் கூலி' எனப்பட்டார். வாக்குறுதி, உடன்பாடு என்னும் பொருளுடைய 'ஜஞ்ஜி' என்னும் மலாய்ச் சொல்லே தமிழில் 'சஞ்சி' ஆயிற்று. மொழிமுதலில் ஒலிப்புடைய வெடிப்பொலி இல்லாத தமிழ் ஒலியமைப்பிற்கேற்ப முதல் ஒலி சகரமாயிற்று. நேட்டாலுக்குத் தமிழ்த் தொழிலாளரை ஏற்றிச் சென்ற 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. நேட்டால், பிஜி ஆகிய நாடுகளில் ஐந்தாண்டு உடன்பாட்டிற்கு வழங்கிய பெயர் 'கிர்மிட்' ஆகும். உடன்பாட்டைக் குறிக்கும் 'அக்ரிமெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் உயிர் கெட்டு, மெய்ம்மயக்கம் இடையுயிரால் பிரிந்து, இறுதி மெய்ம்மயக்கம் குறைந்து இவ்வடிவம் தோன்றியது.

சஞ்சியிலும் கிர்மிட்டிலும் தொழிலாளி ஒரு தரப்பினர். அவர் பெயரில் தாள் எழுதப்படுகிறது. அதில் அவர் கைநாட்டு வைக்கிறார். துண்டோடு ஒப்பிட்டால் இது மேம்பட்ட நிலை போலத் தோன்றலாம். ஆனால் தாம் படிக்கவியலாத தாளில், காணாத நாட்டில் செய்யவேண்டிய வேலைக்கு வைக்கப்பட்ட கைநாட்டு அது. அதை மீறினால் சிறைத்தண்டனை. தரப்பினராதல் தம்மளவில் உரிமையாகாது; தரப்பினர் தாளைப் படிக்க இயலவேண்டும் என்னும் நான்காவது வினாவை இவ்வாவணங்கள் எழுப்புகின்றன. தாளின் மொழி எது?

மலாயாவில் 1910இல் சஞ்சி முறை நிறுத்தப்பட்டது. பிற குடியேற்ற நாடுகளில் 1917க்கும் 1920க்கும் இடையே அம்முறை முடிவுற்றது. மலாயாவில் உரிமம் பெற்ற கங்காணியே இதன்பின் முதன்மை பெற்றார். வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் அவர் பெற்ற தொகை 'தலைக்காசு' எனப்பட்டது. இந்திய அரசின் தடையால் மலாயாவுக்கு ஆள் அனுப்புவது 1938இலும், இலங்கைக்கு அனுப்புவது 1939இலும் நின்றது.

'கூலி' என்னும் சொல்லின் போக்கும் இங்கே கருதத்தக்கது. தமிழில் இது வேலைக்குத் தரப்படும் ஊதியம். வேலை செய்பவர் 'கூலியாள்', 'கூலிக்காரர்'. ஆங்கிலத்தில் ஆளையே குறித்த இச்சொல்லுக்குத் தமிழ்க் 'கூலி' மூலம் என்பாரும், குசராத்துப் பகுதியின் 'கோலி' என்னும் சமூகப்பெயர் மூலம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், ஆங்கில வழக்கு வலுப்பெற்றபின் 'சஞ்சிக் கூலி', 'தோட்டக் கூலி' எனத் தமிழிலும் ஆள்பெயராகவே அது திரும்பி வந்தது. ஊதியத்தின் பெயர் ஊதியம் பெறுபவரின் பெயரானது. தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து இலங்கை சென்று இதழாசிரியராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் அமைத்தபோது அதன் பெயரில் 'தொழிலாளர்' என்னும் சொல்லே இடம்பெற்றது. இது வெறும் சொல்மாற்றம் அன்று. கூலி எண்ணப்படுபவர், தொழிலாளி கேட்பவர்.

5. மைசூர் நாட்டில் மேஸ்திரி

இலங்கையிலும் மலாயாவிலும் கங்காணி செய்த பணியை மைசூர், குடகு, வயநாடு, ஆனைமலை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் மேஸ்திரி செய்தார். போர்த்துக்கீசிய 'மெஸ்த்ரெ' என்பதிலிருந்து வந்த இச்சொல் கைத்தொழில் வல்லவரைக் குறித்தது. பின்னர் ஆள் சேர்த்து முன்பணம் கொடுப்பவரையும் குறித்தது. கண்காணிக்கு நேர்ந்த அதே பொருள் விரிவு இதற்கும் நேர்ந்துள்ளது. பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்னும் புதினம் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களின் மேஸ்திரி முறையைப் பொருளாகக் கொண்டது. 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் இரா. முருகவேள் அதனைத் தமிழாக்கியுள்ளார். தமிழர் வாழ்வை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மீட்கும் இத்தகைய ஆக்கங்களில் தொழில்வழக்குச் சொற்களை மீட்பதே மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமையாகிறது.

1880களில் வளர்ந்த கோலார் தங்கவயலுக்கு வட ஆர்க்காடு, சேலம் பகுதித் தமிழர் பெருந்தொகையாக வந்தனர். கன்னட நாட்டின் நடுவே தமிழே பெருவழக்காயிருந்த தொழில்நகரம் அவ்வாறு உருவாயிற்று. 1930இல் தொழிலாளர் அனைவரும் அடையாளக் கைவளையம் அணியவேண்டும் என்று சுரங்க நிருவாகம் கொண்டுவந்த ஏற்பாட்டை எதிர்த்து அங்கு வேலைநிறுத்தம் நடைபெற்றது. இலங்கைக்குச் செல்வோர் அணிந்த தகட்டையும் இவ்வளையத்தையும் ஒப்பிடலாம். முன்னது ஊரிலிருந்து தனித்தனியே புறப்பட்டவருக்கு அணிவிக்கப்பட்டது. பின்னதை ஓரிடத்தில் சேர்ந்து வாழ்ந்தவர் மறுத்தனர். தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன.

கன்னட நாட்டிற்கு வந்த மற்றொரு பிரிவினர் இலங்கையிலிருந்தே வந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. அவ்வாறு வந்தவருள் ஒரு பகுதியினர் தென்கன்னட மாவட்டத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளில் அரசுசார் இரப்பர்த் தோட்டங்களில் வேலை பெற்றுக் குடியமர்ந்தனர். அரசாவணங்களின் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராகத் 'தாயகம் திரும்பியோர்' என்று தமிழில் எழுதப்படுகிறது. இவருள் பலர் இலங்கையில் பிறந்தவர். இந்தியாவை முன்பு கண்டறியாதவர். சென்றிராத இடத்திற்குத் திரும்புதல் இயலாது. மேலும் அவர்கள் வந்து சேர்ந்த இடத்தின் மொழி கன்னடமும் துளுவும் ஆகும். சொல் அவர்களை ஊரார் என்றது. வேலை தேடிய இடம் அவர்களை அயலார் என்றது.

6. சந்தாபுராவில் குத்திகெ

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல்லுக்குச் சாலை பிரியும் இடத்தில் சந்தாபுரா அமைந்துள்ளது. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலெ ஆகிய தொழிற்பேட்டைகள் அதனைச் சூழ்ந்துள்ளன. மின்னணு நகரம் ஒருபுறம். தமிழ்நாட்டு எல்லை மறுபுறம். ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் வேலை தேடி வருவோர் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம், அசாமியம் எனப் பல மொழியினர். கட்டடக் குழுவின் தலைவரைக் குறிக்க இங்கும் 'மேஸ்திரி' என்னும் சொல்லே கன்னடர்க்கும் தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் பொதுவாக உதவுகிறது.

ஆலை வேலையில் கன்னட ஆவணங்கள் வழங்கும் முதன்மைச் சொல் 'குத்திகெ' ஆகும். 'குத்திகெ கார்மிக' என்பது ஒப்பந்ததாரர் வழியாக அமர்த்தப்படும் தொழிலாளி. 'குத்திகெதார' என்பவர் அந்த ஒப்பந்ததாரர். தமிழில் இதன் இனச்சொல் 'குத்தகை'. தமிழ்க் குத்தகை நிலத்திற்கோ குளத்திற்கோ தோப்பிற்கோ உரியது. 'குத்தகைதாரர்' நிலத்தைப் பயிரிட எடுத்தவர். சந்தாபுராவில் கன்னட அறிவிப்பைப் படிக்கும் தமிழருக்கு இனச்சொல் வழிகாட்டுவது போல் தோன்றி வழிதவறச் செய்யும். கன்னட 'வேளெ' பொழுதைக் குறிக்க, தமிழ் 'வேலை'க்குக் கன்னடத்தில் 'கெலச' என்பது நிகராதலும் இவ்வகையினதே. இதற்கு மாறாகச் 'சம்பளம்', 'கூலி' ஆகியவை இரு மொழிக்கும் பெரிதும் பொதுவானவை. கிடைக்கும் பணத்தின் பெயர் புரிகிறது. அதனைத் தரவேண்டியவரின் பெயர் மயங்குகிறது.

தமிழில் இதற்கு வழங்கும் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்பது மயக்கமற்றதா எனின் இல்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் கருதிய ஏற்பாட்டில் ஒப்பந்தம் ஆலை உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையிலானது. வேலை செய்பவர் அதில் தரப்பினர் அல்லர். ஆயினும் தமிழ்ச்சொல் அவரே ஒப்பந்தம் செய்தவர் போலக் காட்டுகிறது. வரலாற்று நூல்களில் சஞ்சி முறையில் சென்றவரும் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்றே குறிக்கப்படுகிறார். அவரோ கைநாட்டு வைத்த தரப்பினர். எதிரெதிரான இரு நிலைகளை ஒரே தமிழ்ச்சொல் சுமக்கிறது. ஆலைத் தொழிலாளியின் இன்றைய நிலை சஞ்சியினும் துண்டுக்கே அண்மையது: இருவர் செய்துகொள்ளும் ஏற்பாட்டில் மூன்றாமவரின் உழைப்பு பொருளாகிறது. இந்நோக்கில் கன்னடக் 'குத்திகெ' தெளிவானது எனலாம். உடன்பாட்டைக் குறிக்கும் 'ஒப்பந்த' என்னும் சொல் கன்னடத்திலும் உண்டு; எனினும் இவ்விடத்தில் அம்மொழி அதனைத் தேரவில்லை. வேலையை ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார் என்னும் பொருள் குத்திகெயில் மறைக்கப்படவில்லை.

நான்காவது வினாவாகிய தாளின் மொழிக்குச் சட்டம் ஒருமுறை விடை தந்துள்ளது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்காக 1979இல் இயற்றப்பட்ட சட்டம், ஒப்பந்ததாரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் படம் ஒட்டிய கைப்புத்தகம் தரவேண்டும் என்றது. வேலையிடம், காலம், ஊதிய வீதம், பிடித்தங்கள், ஊர் திரும்பும் கட்டணம் ஆகியவை அதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும், தொழிலாளியின் மொழி வேறாயின் அம்மொழியிலும் எழுதப்படவேண்டும் என்றும் விதித்தது. துண்டிலிருந்து இக்கைப்புத்தகம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது வெளிப்படை. கொடுப்பவர் ஒப்பந்ததாரர், பெறுபவர் தொழிலாளி, அவரைப் பற்றியது, அவர் மொழியிலானது. 1970, 1979ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டும் 2020இல் இயற்றப்பட்ட பணிப்பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பணிநியமனக் கடிதம் தருவதை அத்தொகுப்பு கடமையாக்குகிறது. ஒடியா பேசுபவர் பொம்மசந்திராவில் பெறும் கடிதம் ஒடியாவில் இருக்குமாயின் அதனை எழுதும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரிடமே வந்து சேரும்.

7. முடிவுரை

துண்டில் தொழிலாளி பேசப்படும் பொருள். சஞ்சியில் படிக்கவியலாத தரப்பினர். குத்திகெயில் தரப்பினர் அல்லாதவர். கைப்புத்தகத்தில் படிக்கவல்ல பெறுநர். நான்கும் 'உடன்பாடு', 'சான்று', 'ஒப்பந்தம்' என்னும் சில பொதுச்சொற்களுள் அடங்கிவிடுமாயின் இந்நூற்றைம்பதாண்டு வேறுபாடு தமிழில் பதிவாகாமற் போகும். எனவே சில நெறிகளைக் கூறலாம். வழக்கொழிந்த முறைகளின் பெயர்களாகிய துண்டு, சஞ்சி, கிர்மிட், கங்காணி ஆகியவற்றை அவ்வடிவிலேயே ஆளுதல் வேண்டும். உடன்பாட்டில் கைநாட்டு வைத்துச் சென்றவரை 'உடன்பாட்டுத் தொழிலாளர்' என்றும், பிறர் ஒப்பந்தத்தின்கீழ் உழைப்பவரை 'ஒப்பந்ததாரர்வழித் தொழிலாளர்' என்றும் வேறுபடுத்தலாம். பின்னது நீண்ட தொடராயினும் இடையே நிற்கும் ஆளை மறைப்பதில்லை. இனச்சொல் ஒற்றுமையை நம்பிக் குத்திகெயைக் குத்தகையாக்குதல் தவிர்க்கத்தக்கது. அயலிடத்தில் வேலை பெறும் ஒருவர் தம் கையிலுள்ள தாளைப் பார்த்து, இதில் நான் யார் என்று கேட்டால், அவரது மொழியில் அதற்கு விடை இருத்தல் வேண்டும்.